குதிரையேற்றம் பள்ளிப் பாடங்களுக்கு உதவுமா?

"குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களில் அதனால் பயன் ஏதேனும் உண்டா, அல்லது அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், தக்கலைக்கு அருகே ரப்பர் தோட்டத்தை ஒட்டி மூன்று குதிரைகள் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பழகி வருகிறாள். இதனால் அவளுடைய மதிப்பெண் கூடியது என்று நான் சொல்லமாட்டேன். பாடப்புத்தகங்களில் தனித்தனியே கிடக்கும் பல செய்திகள் ஒரே உயிரின் உடம்பில் கூடி நிற்பதை அவள் கண்டாள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அவற்றில் பெரும்பகுதியை அவள் தரையில் நின்றபடியேதான் கற்றாள்.

முதலில் கணிதம். குடற்புழு நீக்கும் மருந்தைக் குதிரையின் எடைக்கு ஏற்பவே கொடுக்க வேண்டும். எடைமேடை இல்லாத இடத்தில், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவைச் செ.மீ. கணக்கில் நாடாவால் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததைத் தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரையுள்ள உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழ எத்தனை கிலோ என்பது கிடைக்கும். முதல் நாள் அவளுக்குச் சுற்றளவு 165, நீளம் 150 என்று வந்தது. எடை 344 கிலோ. பெரியவர் நாடாவைப் பார்த்துவிட்டு, "மக்களே, நாடா சாஞ்சு கிடக்கு, நேரே பிடிச்சு, அது மூச்ச விட்டப் பெறவு பாரு" என்றார். மறுபடி அளந்தபோது சுற்றளவு 160; எடை 323 கிலோ. நாடாவில் ஐந்து செ.மீ. நழுவியதற்கு எடையில் ஏன் இருபது கிலோ போயிற்று என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வர்க்கப்படுத்தும்போது சிறு பிழையின் விழுக்காடு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு தவறிவிடும் என்ற கவலை சேர்ந்ததும் அது அவளுக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. உயரத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. குதிரையின் உயரத்தைக் 'கை' என்ற அலகில் குறிப்பார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.2 கை என்றால் 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம். அந்தப் புள்ளி தசமப் புள்ளி ஆகாது.

அறிவியலுக்கு வருவோம். குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைக்கும் மூட்டு, நம் உடம்போடு ஒப்பிட்டால் மணிக்கட்டு. குதிரை ஒவ்வொரு காலிலும் நடுவிரல் நுனியை ஊன்றியே நிற்கிறது, குளம்பு அந்த விரலின் நகம். பசுவைப் போல நான்கு அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு இல்லை. சிறிய இரைப்பையும், நார்ப்பொருளை நொதிக்கச் செய்யும் பெரிய பின்குடலும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. எனவே ஒரே வேளையில் நிறையத் தீவனம் வைப்பது ஆபத்து. எங்கள் பக்கத்தில் காணம் என்று வழங்கும் கொள்ளையும் தவிட்டையும் அள்ளிப் போடுவதே பரிவு என்று நானும் எண்ணியிருந்தேன். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தொடர்ந்து அதையே கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் என்று கணக்கிட்டு, அந்தக் குதிரைக்கு ஆறரைக் கிலோ என்று அவள்தான் பலகையில் எழுதி வைத்தாள்.

எனக்கு மிகவும் பிடித்தது தாளம். குதிரை சாதாரணமாக நடக்கும்போது நான்கு குளம்படிகள் கேட்கும், துள்ளுநடையில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு, மெல்லோட்டத்தில் மூன்று. பாட்டு வகுப்பில் 'தகிட' என்று மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையைத் தொடையில் தட்டிப் பழகிய பிள்ளைக்கு மெல்லோட்டத்தில் உடம்பைப் பொருத்துவது எளிதாயிற்று. நடை, கதி என்ற இரண்டு சொற்களும் தமிழில் குதிரைக்கும் தாளத்துக்கும் பொதுவாக இருப்பதை அதன் பிறகே நான் கவனித்தேன். பாய்ச்சலில் நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றனவா என்பது கண்ணால் தீர்க்க முடியாத வழக்காக இருந்து, 1878இல் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்த தொடர் ஒளிப்படங்களால்தான் உறுதியாயிற்று என்பதையும் அவளுக்குச் சொன்னேன்.

இயற்பியலில் நிலைமத்தை விளக்க, குதிரை சட்டென்று நின்றபோது முன்னால் சரிந்த அனுபவமே போதும்.

வரலாற்றுக்கு நாங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் குதிரை விளக்கு தொங்குகிறது. வடகிழக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஓர்முசு (ஹோர்முஸ்), ஏடன் முதலிய இடங்களிலிருந்து பாண்டியர்களுக்காகக் குதிரைகள் வந்திறங்கின. சரியான பராமரிப்பு இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோனதால் ஆண்டுதோறும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பருவக்காற்று, கப்பல், அரசின் செல்வம், கால்நடை மருத்துவம் ஆகிய நான்கும் இந்த ஒரு செய்தியில் இணைகின்றன. அரபு நாட்டு வறட்சியில் வளர்ந்த விலங்கு இந்த ஈரக்காற்றில் என்ன பாடுபட்டிருக்கும் என்று என் மகள் கேட்டாள். அவள் தேய்த்துவிடும் குதிரையும் காதுநுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரி, ராஜஸ்தானத்து இனம்.

வசதி பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. முறையான பயிற்சிக்குச் செலவு ஆகும். ஆனால் நான் மேலே சொன்னவற்றுள் மிகச் சிலவற்றுக்கே சேணத்தில் ஏற வேண்டும். ஒரு சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரை அங்கே அழைத்துச் சென்றேன். எவரும் ஏறவில்லை, நாடா, குறிப்பேடு, ஒரு கடிகாரம் இவற்றோடு மூன்று மணி நேரம் கழிந்தது. தம் நாடித்துடிப்பையும், ஓய்வில் இருக்கும்போது பெரும்பாலும் நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டாத குதிரையின் துடிப்பையும் எண்ணி ஒப்பிட்டார்கள். நேர் பின்னால் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அங்கே போய் நிற்கக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். ஏறுகிற பிள்ளைக்குத் தலைக்கவசம் கட்டாயம்.

ஜூன் மழையில் தரை சேறாகி, குளம்பின் அடிப்பகுதி அழுகும் அபாயம் இருந்ததால் ஏற்றத்தை நிறுத்திவிட்டு நாள்தோறும் குளம்பைச் சுத்தம் செய்தார்கள். அப்போது பெரியவர் என் மகளுக்காக, மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துக் கொடுத்தார். அங்கிருந்து குளம்பின் முனைவரை 80 மி.மீ. செப்டம்பரில் கோடு 24 மி.மீ. இறங்கியிருந்தது. மாதம் 8 மி.மீ. வீதம் மீதி 56 மி.மீ.க்கு ஏழு மாதம் என்று கணக்கிட்டு, நாள்காட்டியில் ஏப்ரல் மாதத்தை வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.