காலை வானொலியின் அரட்டை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்குப் போகும் வழியில் முக்கால் மணி நேரம் பண்பலை கேட்பது என் வழக்கம். இரண்டு தொகுப்பாளர்கள். ஒருவர் எதையாவது தொடங்குவார், மற்றவர் அவரைக் காலை வாருவார். ஒரு நாள், புதுப்படத்தின் முன்னோட்டத்தில் கதாநாயகன் எத்தனை முறை திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான் என்று கணக்கெடுத்தார்கள். இன்னொரு நாள், வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டின் அதிகாரம் யாரிடம் என்று கண்டுபிடித்தார்கள். வாய்விட்டுச் சிரிக்கிறேன். ஆனால் அலுவலக வாசலில் இறங்கும்போது எதற்குச் சிரித்தேன் என்பதே மறந்துவிடுகிறது. நல்ல நகைச்சுவைக் கட்டுரையின் ஒரு வரி பல வருடம் நிற்கிறதே, இது ஏன் நிற்பதில்லை? இது வெறும் அரட்டைதானா?

இன்னொன்று. சென்ற மாதம் அதே நிகழ்ச்சியில் ஒரு முதியவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் பெயரில் கடன் பாக்கி இருக்கிறது, ஆள் வருகிறது என்று மிரட்டினார்கள். அவர் குரல் நடுங்கியது. கடைசியில் எல்லாம் விளையாட்டு என்றார்கள். அவரும் சிரித்தார். நான் வானொலியை அணைத்துவிட்டேன். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றார்கள். அப்படித்தானா?

இவற்றைக் கேட்க ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கும் என் மகள் பண்பலையில் தொகுப்பாளராக வேண்டும் என்கிறாள். அரட்டை அடிக்கவா பட்டம் படித்தாய் என்று அவள் அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நினைவில் நிற்காதது மதிப்பில்லாதது என்ற எண்ணம் அச்சுப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இயல்பாக வருகிறது. காலை வானொலியை அந்த அளவுகோலால் அளந்தால் அது தோற்கத்தான் செய்யும். உங்கள் மனத்தில் தங்கவேண்டும் என்ற நோக்கமே அந்தப் பேச்சுக்குக் கிடையாது. அந்த முக்கால் மணி நேரம் உங்கள் கூடவே வரவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வந்த தோழி என்ன சொன்னாள் என்பது மாலையில் நினைவிருக்காது. அதனால் அந்தப் பயணம் வீண் என்று யாரும் சொல்வதில்லை.

கேட்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கண் சாலையில் இருக்கிறது, கை வேலையில் இருக்கிறது, மனத்தில் பாதி அன்றைய கவலையில் இருக்கிறது. வானொலிக்குக் கிடைப்பது மிச்சமுள்ள காது மட்டும். நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் பேச்சு புரிய வேண்டும். முடிவதற்குள் இறங்கிப் போகிறவருக்கு எதையோ தவறவிட்ட குறை இருக்கக் கூடாது. சிறுகதை எழுதுகிறவனுக்கு வாசகன் முதல் வரியிலிருந்து வருவான் என்ற உறுதி உண்டு. வானொலிக்காரருக்கு அந்த உறுதி ஒரு நாளும் கிடைப்பதில்லை. ஆகவே நேயர் ஏற்கெனவே பாதி அறிந்திருக்கும் விஷயம்தான் அவருக்குத் தேவை. ரிமோட்டை விளக்க வேண்டியதில்லை. முன்னோட்டத்தில் நடந்து வரும் கதாநாயகனையும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதியை நேயர் கொண்டுவருகிறார், மறுபாதியைத் தொகுப்பாளர் போடுகிறார், நடுவில் சிரிப்பு பிறக்கிறது.

நம் பண்பலைப் பேச்சு சினிமாவையும் அன்றாட வாழ்க்கையையும் சுற்றியே வருவதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் முதல் தனியார் பண்பலை 2001இல் பெங்களூரில் தொடங்கியது. அன்றிலிருந்து தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. தனியார் பண்பலைக்காக மத்திய அரசு 2011இல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் ஒலிபரப்பலாம் என்று வழிவிட்டது. போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவுகள், மின்சாரம், குடிநீர் பற்றிய பொது அறிவிப்புகள் போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது என்றும் அதே கொள்கை சொல்கிறது. காலையில் நாட்டையே உலுக்கும் ஒரு செய்தி வந்திருந்தாலும் அந்த இருவரும் அதைத் தொட முடியாது. அவர்களுக்கு விடப்பட்ட நிலம் திரைப்படம், பாட்டு, தெரு, வீடு, மின்வெட்டு, மழை. அரசியல் கிண்டலுக்குத் தமிழில் நீண்ட மரபு இருந்தும் அது பண்பலைக்குள் நுழையாததில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. ஆனால் குறுகிய அந்த நிலத்தை நம் தொகுப்பாளர்கள் நன்றாகவே உழுதிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் ரிமோட் யார் கையில் என்பது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பெண்கள் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் அது. நீங்கள் அதை மூன்று நிமிடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள்.

பொழுதுபோக்கைப் பற்றிய காலைப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெர்ரி வோகன் நல்ல உதாரணம். பி.பி.சி. ரேடியோ 2இல் 1972 முதல் 1984 வரையிலும், மறுபடி 1993 முதல் 2009 வரையிலும் காலை நிகழ்ச்சி நடத்தியவர். தொலைக்காட்சியில் ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் ஓடிக்கொண்டிருந்த நாள்களில், அதில் நடந்த அபத்தங்களை அவர் காலையில் நேயர்களோடு சேர்ந்து அலசுவார். தொடரைப் பார்ப்பது ஒரு சுகம், மறுநாள் அதை வோகன் என்ன சொல்கிறார் என்று கேட்பது இன்னொரு சுகம். அந்தக் கிண்டலே பிரிட்டனில் தொடரின் புகழை வளர்த்தது. அவர் கேலி செய்தது தான் விரும்பிப் பார்த்த ஒன்றை. வெறுப்பவன் செய்யும் கேலியை நேயர் ஒரு வாரம் கேட்பார், அதற்குமேல் கேட்கமாட்டார்.

தமிழில் காலை நேரத்து நகைச்சுவை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அகில இந்திய வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னவர், 2009இல் மறைந்தார். அவர் தனி ஆள். சில நிமிடங்கள்தான் பேசுவார். ஒரு தகவலைச் சொல்லி, அதை ஒரு கதையில் கொண்டுபோய்ச் சேர்த்து, கடைசியில் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அலட்டல் இல்லாத குரல். இங்கே சிரியுங்கள் என்று அந்தக் குரல் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் சிரிப்பொலியும் தாரை தப்பட்டையும் சேர்க்கிறார்கள். தன் வாக்கியத்தின்மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இருவர் பேசுவது வேறு வகைக் கலை. அதன் உயிர் இரண்டாவது குரலில் இருக்கிறது. வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். புலவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார், தெரியாதவர்போலக் குறுக்கே கேட்பார். அந்தக் கேள்வியில்தான் கூட்டம் சிரிக்கும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் கலையிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்தவர். எதிரே நிற்பவர் பேசுவதற்கு அவர் விட்ட இடத்தைப் படங்களில் பார்க்கலாம்.

ஒரு சிறு உதாரணம். முதல் தொகுப்பாளர் சொல்கிறார்: “நேற்று இரவு வீட்டுச் சாவியைத் தேடித் தேடித் தூங்கவே இல்லை.” இரண்டாமவர் திறமையில்லாதவர் என்றால் உடனே, “எனக்கும் போன வாரம் இப்படித்தான்” என்று தன் கதையைத் தொடங்குவார். பேச்சு அங்கேயே செத்துவிடும். தேர்ந்தவர், “கடைசியில் எங்கே இருந்தது?” என்று கேட்பார். “கதவிலேயே இருந்தது.” இங்கேயே விட்டாலும் போதும், நேயர் புன்னகைப்பார். ஆனால் அவர் ஒரு மூச்சு பொறுத்து, “உள்பக்கமா, வெளிப்பக்கமா?” என்கிறார். பதில் வரவில்லை. அந்த மௌனத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். இரண்டாமவர் செய்ததெல்லாம் கவனித்துக் கேட்டதுதான். அடுத்து நான் என்ன சொல்லலாம் என்ற பரபரப்பில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

அமெரிக்காவில் பாப் எலியட், ரே கோல்டிங் என்று இருவர் இருந்தார்கள். 1946இல் பாஸ்டன் நிலையம் ஒன்றில் எலியட் இசைத்தட்டு போடுபவர், கோல்டிங் செய்தி வாசிப்பவர். ஒருவர் நிகழ்ச்சியில் மற்றவர் எட்டிப்பார்த்து ஏதாவது பேசிவிட்டுப் போவார். நேயர்களுக்கு அது பிடித்துவிட்டது. பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோகும் நாள்களில் அந்த நேரத்தை நிரப்ப நிலையம் இவர்களைச் சேர்த்து உட்கார வைத்தது. அப்படி மழைக்கு ஒதுங்கிய பேச்சு, 1990இல் கோல்டிங் இறக்கும்வரை கூட்டாகவே தொடர்ந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற ஒரு பேட்டியில், மெதுவாகப் பேசுவோர் சங்கத்தின் தலைவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டுப் பதில் சொல்வார். பேட்டி காண்பவர் பொறுமை இழந்து அடுத்த சொல்லைத் தானே எடுத்துக்கொடுக்கப் பார்ப்பார். இருவரும் சிரிப்பதில்லை. யாரும் அவமானப்படுவதுமில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சாவியைத் தொலைத்தவர் தானே முன்வந்து தன் கதையைச் சொன்னார். ரிமோட் விவாதத்தில் நீங்களும் ஒரு கட்சி. விளையாட்டு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முதியவருக்கு மட்டும் தெரியாது. பல்லாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒருவர் உண்மையாகவே பயந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடன்காரன் வரமாட்டான் என்று தெரிந்த நிம்மதி அது.

2012 டிசம்பரில் நடந்த ஒன்றை உங்கள் அலுவலக நண்பர்களுக்குச் சொல்லுங்கள். சிட்னி நகரப் பண்பலை ஒன்றின் இரண்டு தொகுப்பாளர்கள், பிரிட்டிஷ் அரசியும் இளவரசர் சார்லஸும் பேசுவதுபோல லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசினார்கள். அங்கே இளவரசர் வில்லியமின் மனைவி கேட் சிகிச்சையில் இருந்தார். அழைப்பை எடுத்த செவிலியர் அதை உண்மை என்று நம்பி உள்ளே இணைப்புக் கொடுத்தார். பதிவு ஒலிபரப்பானது, உலகமே சிரித்தது. மூன்று நாள் கழித்து அந்தச் செவிலியர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒரே காரணத்தைக் காட்டிவிட முடியாது, நானும் காட்டவில்லை. ஆனால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவர் கேட்காமலே உலகத்தின் முன்னால் கேலிப்பொருளாக நிறுத்தப்பட்டார் என்பது மறுக்க முடியாத உண்மை. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் இல்லாமல் உரையாடலை ஒலிபரப்பியது பற்றிய வழக்கு ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய், 2015இல் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நீங்கள் வானொலியை அணைத்தது சரி. நகைச்சுவை உணர்வு இருந்ததால்தான் அந்த இடத்தில் நகைச்சுவை இல்லை என்று உங்களுக்குப் பட்டது. நிலையத்துக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். நேயர் கடிதத்துக்கு வானொலியில் இன்றும் மதிப்பு இருக்கிறது.

மகளைப் பற்றி. அப்பாவின் கேள்விக்குப் பதிலாக அவரையே ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம், தயங்காமல், திரும்பச் சொல்லாமல், சிரிக்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அவருக்கே புரியும். மகள் தினமும் காலையில் செய்தித்தாள்களைப் படித்துவிட்டு, அன்று எல்லோரும் பார்த்த, கேட்ட, அவதிப்பட்ட ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்கட்டும். அன்றே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். திரைப்பாடலின் தொடக்க இசைமீது பேசிக்கொண்டே வந்து, பாடுபவரின் குரல் எழுவதற்குச் சற்று முன்னால் முடிக்கப் பழகட்டும். இதற்குப் பாட்டை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பழைய பதிவுகள் கிடைத்தால், சொல் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓர் எழுத்தும் தேயாமல் விழுவதைக் கவனிக்கட்டும். வாரத்தில் சில நாள் தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து, இரண்டாவது குரலாக மட்டும் பேசிப் பார்க்கட்டும். கேள்வி கேட்கலாம், சொந்தக் கதை சொல்லக் கூடாது.

பெரிய நிலையங்களுக்குப் போகும் முன், சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தப்படும் சிறிய நிலையமான சமுதாய வானொலியில் சேர முடியுமா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் தொடங்கியது, இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி அது. அதன்பின் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் அத்தகைய நிலையங்கள் வந்திருக்கின்றன. அங்கே தவறு செய்யவும் இடம் கொடுப்பார்கள், ஒலிக்கலவை இயந்திரத்தையும் தொட விடுவார்கள். அகில இந்திய வானொலி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைக்கின்றன. அறிவிப்பு எப்போது வருகிறது என்று அருகில் உள்ள நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.