டேங்கர் விமானத்தின் ஜன்னல் வழியே போர் விமானங்கள்: எந்த லென்ஸ், என்ன செட்டிங்?

கேள்வி: பறந்தபடியே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் தரும் கேசி-135 டேங்கர் விமானத்தில் செய்தியாளர்களுக்கான பயணம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. எரிபொருள் நிரப்ப வரும் எஃப்-16 விமானங்களைப் படம் எடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 24-70, 100-400 மி.மீ. லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். விமானக் கண்காட்சிகளில் 400-தான் எனக்குக் கைகொடுக்கும். இங்கும் அது போதுமா? ஜன்னல் பிரதிபலிப்புக்காக போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

பதில்: போலரைசர் வேண்டாம். 100-400 பெரும்பாலும் பையிலேயே இருக்கட்டும். கண்காட்சியில் உங்களுக்கு எதிரி தூரம். இங்கே எதிரி கண்ணாடி.

முதலில் தூரக் கணக்கு. எரிபொருள் குழாயான பூம் இணைந்திருக்கும்போது போர் விமானம் உங்களிடமிருந்து ஏறக்குறைய 15 மீட்டரில் இருக்கும். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் 10.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். எஃப்-16-இன் இறக்கை அகலம் சுமார் 10 மீட்டர், ஆக மயிரிழையில் அடங்கும். 35 மி.மீ. என்றால் 15 மீட்டர் அகலம் கிடைக்கும், சுற்றிலும் கொஞ்சம் மேகமும் தரையும் வரும். 13 மீட்டர் இறக்கை உள்ள எஃப்-15-க்கும் அது போதும். எனவே உங்கள் முதன்மை லென்ஸ் 24-70-தான். 200 மி.மீ.யில் விமானி தலைக்கவசத்தோடு நிமிர்ந்து பார்க்கும் படம் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 5.6-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 மீட்டர்தான். மூக்கும் வாலும் மங்கிவிடும். அதே 5.6-இல் 50 மி.மீ. வைத்து 15 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏழரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு.

இனி கண்ணாடி. கேசி-135-இன் வால்பகுதி அடிவயிற்றில் பூம் ஆபரேட்டர் குப்புறப் படுத்து வேலை செய்வார். அவருக்கு இரு பக்கமும் படுப்பதற்கு இடம் உண்டு, அதில் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். அந்த ஜன்னல் தடித்த, பல அடுக்குக் கண்ணாடி. அதில் உறைந்திருக்கும் அழுத்தம் போலரைசர் வழியே வானவில் பட்டைகளாகத் தெரியும். போதாக்குறைக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்).

பிரதிபலிப்பை வேரிலேயே வெட்டுவதுதான் வழி. கருப்பு முழுக்கைச் சட்டை, கருப்புக் கையுறை, லென்ஸ் முனையில் மாட்டும் மடங்கும் ரப்பர் ஹூட். கழுத்தில் தொங்கும் வெள்ளை அடையாள அட்டையைச் சட்டைக்குள் விடுங்கள், படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஹூட்டைக் கண்ணாடியில் அழுத்திப் பிடிக்கக் கூடாது, விமானத்தின் அதிர்வு நேராக லென்ஸுக்கு வந்துவிடும். ஒட்டியும் ஒட்டாமலும் பிடியுங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் விளிம்புகள் இரட்டையாக விழும். அதை ஃபோகஸ் பிழை என்று நினைத்து நேரத்தைத் தொலைப்பவர்கள் அதிகம். கண்ணாடியில் கீறலும் எண்ணெய்க் கறையும் சகஜம். வெளிப்பக்கத்தைத் தரையில் இருக்கும்போதே துடைத்துத் தரும்படி குழுவினரைக் கேட்டுப் பாருங்கள், மேலே போனபின் வழியில்லை. அப்பர்ச்சரை 11, 16 என்று சுருக்கினால் ஒவ்வொரு கீறலும் உருவம் பெறும். 5.6-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

ஆட்டோ ஃபோகஸ் கீறலிலும் பூமிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, விமானி அறைக் கூண்டின் விளிம்பில் வையுங்கள்.

எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மேனுவலில் வைப்பதே நல்லது. கீழே வெண்மேகம் வந்தால் கேமரா ஏமாந்து விமானத்தை இருட்டாக்கும். இருண்ட கடல்பரப்பு வந்தால் வெளிர்சாம்பல் விமானத்தை வெளுத்துவிடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் 5.6, ஷட்டர் 1/1600-இல் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபடம்) பார்த்துக் கொஞ்சம் மாற்றுங்கள். ஜெட் என்பதால் வேகமான ஷட்டரால் நஷ்டமில்லை. புரொப்பெல்லர் விமானமாக இருந்தால்தான் சுழலி உறைந்துபோய்ப் பொம்மை போலத் தெரியும், அதற்கு 1/125 அளவுக்கு இறங்க வேண்டும்.

வெளிச்சத்தின் திசையை நீங்கள் தீர்மானிக்க முடியாது, ஆனால் முன்கூட்டியே கணிக்கலாம். டேங்கர் நீள்வட்டத் தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்ப்பது பின்பக்கம். எனவே டேங்கர் சூரியனை நோக்கிப் பறக்கும்போது வெயில் போர் விமானத்தின் முகத்தில் விழும். எதிர்த்திசையில் திரும்பினால் சூரியன் உங்கள் கண்ணாடியில் அடித்துக் கீறலையெல்லாம் எழுப்பிவிடும். மாலைப் பயணம் என்றால் மேற்கு நோக்கிய பகுதிக்காகக் காத்திருங்கள். திருப்பத்தில் இரண்டு விமானங்களும் சேர்ந்து சாயும், அடிவானமும் சாயும். தவறவிடக் கூடாத நேரம் அது. உச்சி வெயிலைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலிருந்து எடுப்பதால் தரைப் படங்களுக்கு ஆகாத அந்த வெளிச்சம் இங்கே நன்றாகவே உதவும்.

விமானங்கள் வரும் ஒழுங்கு பொதுவாக இப்படி இருக்கும்: டேங்கரின் இடப்பக்கம் வந்து காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கி, நிரப்பிக்கொண்டு வலப்பக்கம் போய்ச் சேரும். ஒன்று பூமில் இருக்கும் நேரம் சில நிமிடங்களே. இறக்கை ஓரம் அணிவகுத்து நிற்பதை எடுக்கத்தான் 100-400 வெளியே வரலாம், அதுவும் அவசரவழிக் கதவின் சிறு ஜன்னல் வழியே. அங்கே பின்னோக்கிப் பார்த்தால் என்ஜின் வெப்பக்காற்று படத்தைக் கலக்கிவிடும். நேர் பக்கவாட்டில் எடுங்கள்.

ஃபிளாஷ், ஃபோகஸ் உதவி விளக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள். எதிரே இருக்கும் விமானி சில மீட்டர் இடைவெளியில் விமானத்தை நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறார், அவர் கண் கூசக் கூடாது. லென்ஸ் மூடி, மெமரி கார்டு எதுவும் ஆபரேட்டர் பக்கம் உருண்டு போகாதபடி ஜிப் வைத்த பையில் வையுங்கள். பூம் அருகே படுத்துக்கொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள், இயன்றால் இரண்டாவது கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். எதை எடுக்கக் கூடாது என்று கூட வரும் அதிகாரி சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

பின்பகுதி குளிரும், சத்தமும் அதிகம். காதடைப்பானும் கூடுதல் உடையும் வேண்டும். உதிரி பேட்டரி உடலை ஒட்டிய பையில் இருக்கட்டும். படங்களை ரா ஃபார்மட்டிலேயே (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். கண்ணாடியின் பச்சைச் சாயல் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்பதால், வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் பூட்டி வைத்தால் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம்.