ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் வேறொன்று அழிவது ஏன்?

கேள்வி: மேக் டெர்மினலில் அடித்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடிய வரிகள், சர்வரில் பாஷ் என்ற ஷெல்லுக்கான (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) ஸ்கிரிப்டாக ஓடும்போது சொதப்புகின்றன. 'ஆண்டு அறிக்கை' என்ற கோப்பை அழிக்கச் சொன்னேன். அது அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த 'அறிக்கை' என்ற கோப்பு போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: கோப்பின் பெயரைத் தாங்கிய மாறியை இரட்டை மேற்கோளுக்குள் போடாமல் விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டால், பாஷ் மாறியின் மதிப்பை எடுத்துவைத்ததோடு நிற்காது. இடைவெளி, டேப், புதுவரி கண்ட இடமெல்லாம் அதைத் துண்டாக்கும். அப்புறம் ஒவ்வொரு துண்டிலும் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரிக்கும். ஆக, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தவை 'ஆண்டு', 'அறிக்கை' என்ற இரண்டு பெயர்கள். முதலாவது கிடைக்கவில்லை, இரண்டாவது கிடைத்தது, அழித்துவிட்டது. கட்டாயப்படுத்தும் எஃப் தெரிவையும் கொடுத்திருந்தால் பிழைச் செய்திகூட வந்திருக்காது.

மேக்கில் ஏன் தெரியவில்லை? 2019-லிருந்து அங்கே இயல்பாக வருவது இசட் ஷெல். அது மாறிகளை இப்படித் துண்டாக்குவதில்லை. ஸ்கிரிப்ட் எந்த ஷெல்லில் ஓடுமோ, சோதனையும் அதே ஷெல்லில் நடக்க வேண்டும்.

டாலர் குறியோடு வரும் எல்லா மாறிகளையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். ஒற்றை மேற்கோள் உதவாது. அதற்குள் மாறி விரிவதே இல்லை. பெயர் சிறுகோட்டில் தொடங்கக்கூடும் என்றால் அதற்கு முன் இரட்டைச் சிறுகோடும் வேண்டும்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது காலியான மாறி. அடைவின் (ஃபோல்டரின்) பெயர் காலியாக இருந்து, அதன் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் வந்தால், அழிப்பு ரூட்டிலிருந்தே, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள அடைவிலிருந்தே, தொடங்கும். மேற்கோள் இங்கே காப்பாற்றாது. ரூட்டை அழிக்க, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு ஆர்எம் மறுக்கும்தான். ஆனால் நட்சத்திரத்தை ஷெல் முன்னதாகவே விரித்து, உள்ளே இருக்கும் அடைவுகளைத் தனித்தனியாகக் கொடுத்துவிடுகிறது. ஆகவே மாறியின் பெயரை நெளி அடைப்புக்குள் எழுதி, பெயரை ஒட்டியே முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேருங்கள். மதிப்பு காலி என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

துண்டாக்காமல் இருப்பதே இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபிஷ் ஷெல் அப்படித்தான் இயங்குகிறது. பாஷில் அதை மாற்றுவது கடினம்: 1979-இல் வெளியான போர்ன் ஷெல்லின் வழக்கம் இது, யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றுவிட்டது, இதை நம்பி ஓடும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். விரும்புகிறவர்கள் ஐஎஃப்எஸ் என்ற மாறியைக் காலியாக்கி, ஒரே வரியில் துண்டாக்குவதை அணைத்துவைக்கலாம். எப்படியானாலும், எழுதிய ஸ்கிரிப்டை ஷெல்செக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். மேற்கோள் விட்டுப்போன இடங்களை வரி எண்ணோடு காட்டிவிடும்.