சிகார் பிரியரான மாமனாரோட என்ன பேசுறது? சிகார் பிடிக்கிறவங்களுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கும்? பிறந்தநாளுக்கு சிகாரே வாங்கிக் கொடுக்கலாமா?

உங்க நிலைமை புரியுது. மாமனார் ரிட்டயர் ஆயிட்டார், சாயங்காலம் ஆனா சிகாரோட வெளில போய் உக்காந்துடுறார், உங்களுக்கோ புகைபிடிக்கிற பழக்கமே இல்ல, பக்கத்துல போய் உக்காந்தா என்ன பேசுறதுன்னு தெரியல. நான் ரொம்ப வருஷமா சிகார் பிடிக்கிறவன், இதே கிறுக்கு உள்ள நாலஞ்சு பேரோட அப்பப்போ கூடுறவன், அதனால அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. நாங்க ஒண்ணா உக்காந்தா சிகாரைப் பத்திப் பேசுறது முதல் பத்து நிமிஷம்தான். இது நிகராகுவா இலையா டொமினிக்கன் இலையா, ரேப்பர் (மேல சுத்தியிருக்கிற இலை) நல்லா எண்ணெய்ப் பசையா இருக்கே, கொஞ்சம் டைட்டா இழுக்குதே, அவ்ளோதான், சரக்கு தீர்ந்துடும். அப்புறம் பேச்சு செடி, நாய், பேனா, பழைய ரேடியோ, முழங்கால் வலின்னு எங்கெங்கயோ போயிடும்.

காரணம் சிகாரோட வேகம். சிகரெட் அஞ்சு நிமிஷ சமாச்சாரம். ரோபஸ்டோன்னு ஒரு சைஸ் இருக்கு, அஞ்சு இஞ்ச் நீளம், 50 ரிங் கேஜ், அதாவது ஒரு இஞ்ச்சை 64 பங்காக்கி அதுல 50 பங்கு தடிமன், கிட்டத்தட்ட 2 செ.மீ. வரும். அது எரிஞ்சு முடிய முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும். சர்ச்சில் சைஸ் ஏழு இஞ்ச், அது ஒன்றரை மணி நேரம்கூட ஓடும். அவசரப்படவும் முடியாது, நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்தா சரியா இருக்கும், அதுக்கு மேல இழுத்தா சூடேறி கசந்துபோகும், மறந்து விட்டுட்டா அணைஞ்சுபோகும். ஆக அந்த மனுஷன் ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்தே ஆகணும், ஒரு கைல சிகார், இன்னொரு கை சும்மா, மனசும் சும்மா. அந்த சும்மா இருக்கிற கைக்கும் மனசுக்கும் எது ஒத்துப்போகுதோ அதுதான் கொஞ்ச வருஷத்துல பொழுதுபோக்கா நின்னுடுதுன்னு நான் நினைக்கிறேன்.

அதனாலதான் எங்க கூட்டத்துல பழைய எல்பி ரெக்கார்டு பைத்தியம் ஜாஸ்தி. ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஓடும், நடுவுல எழுந்து திருப்பிப் போடணும், ரெண்டு பக்கமும் முடியறப்போ ரோபஸ்டோவும் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும், யாரோ உக்காந்து கணக்குப் போட்டு செஞ்ச மாதிரி இருக்கும். செஸ்ஸும் அப்படித்தான், ஒரு கை போதும், எதிராளி யோசிக்கிற நேரத்துல ஒரு இழுப்பு. 1894-லேர்ந்து 1921 வரைக்கும் உலக செஸ் சாம்பியனா இருந்த இமானுவேல் லாஸ்கர் பயங்கர சிகார் பிரியர். கியூபாவுல டோமினோ, அங்க பரவலா ஆடுறது 55 காய் உள்ள செட்டு, நாலு பேர் உக்காந்து மேஜைல காயை அடிக்கிற சத்தம் கேட்டா சண்டைன்னு நினைச்சுப்பீங்க. புத்தகம் படிக்கிறது ஓகே, பக்கம் திருப்புறப்போ சாம்பல் விழாம பாத்துக்கணும். ஒத்துவராததும் இருக்கு. எங்க கூட்டத்துல ஒருத்தர் கைக்கடிகாரம் பிரிச்சு மாட்டுறவர், அந்த மேஜைப் பக்கம் சிகாரை வர விடமாட்டார், ஒரு துளி சாம்பல் மெஷினுக்குள்ள போனா அன்னிக்கு வேலை காலி. வீடியோ கேமுக்கு ரெண்டு கையும் வேணும், அது சுத்தமா ஆகாது.

புத்தகம்னதும் ஞாபகம் வருது, இது உங்க மாமனார்கிட்ட சொன்னா கண்டிப்பா பேச்சு பிடிச்சுக்கும். கியூபாவுல சிகார் சுருட்டுற ஆலைங்கள்ல வாசிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் வேலைக்கு இருப்பார். தொழிலாளிங்க வரிசையா உக்காந்து இலையைச் சுருட்டிட்டு இருப்பாங்க, இவர் ஒரு மேடைல உக்காந்து முதல்ல பேப்பர், அப்புறம் நாவல்னு சத்தமா வாசிப்பார். 1865-ல ஹவானாவுல ஆரம்பிச்ச பழக்கம் இது. ரொம்ப காலம் அவருக்கு சம்பளம் முதலாளி கொடுக்கல, தொழிலாளிங்கதான் தங்களுக்குள்ள காசு போட்டுக் கொடுத்தாங்க, என்ன நாவல்னும் அவங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. வாசிச்சது பிடிச்சிருந்தா இலை வெட்டுற கத்தியை பலகைல தட்டுவாங்க, அதுதான் கைதட்டல். மான்டெகிரிஸ்டோன்னு ஒரு பெரிய சிகார் பிராண்டு இருக்கே, அந்தப் பேரே அலெக்சாண்டர் டூமாவோட 'கவுண்ட் ஆஃப் மான்டெகிரிஸ்டோ' நாவல் கதாநாயகன் பேர்தான். எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, சிகார் பிடிக்கிறவனுக்கு முன்னாடியே அதைச் சுருட்டுறவன் கதை கேட்டு முடிச்சிருக்கான். எங்க ஆளுங்கள்ல ஆடியோ புக் கேக்குறவங்க நிறைய பேர், ஏன்னு இப்ப புரியும்.

சிகார்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்ற வின்ஸ்டன் சர்ச்சிலை எடுத்துக்கோங்க. 1915-ல கடற்படை அமைச்சர் பதவி போய் மனசு உடைஞ்சு கிடந்தப்போ, நாப்பது வயசுலதான் முதல் தடவையா பிரஷ்ஷைக் கைல எடுத்தார், அப்புறம் சாகிறதுக்குள்ள ஐந்நூறு படத்துக்கு மேல வரைஞ்சுட்டார். அதைவிட எனக்குப் பிடிச்சது அவர் செங்கல் அடுக்கினதுதான். சார்ட்வெல்ல இருந்த தன்னோட வீட்டுத் தோட்டத்துச் சுவரைத் தானே கட்டினார், 1928-ல கொத்தனார் யூனியன்ல உறுப்பினரா சேரவும் செஞ்சார், அது யூனியன்காரங்களுக்குள்ள சர்ச்சையா ஆனது தனிக் கதை. அவர் வாயில இருந்த சிகார் பாதி நேரம் அணைஞ்சுதான் கிடக்கும்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க, சும்மா மென்னுட்டு இருப்பாராம். எங்க கூட்டத்துலயும் அப்படி ஒருத்தர் இருக்கார், தொட்டிச் செடிக்கு மண் மாத்துறப்போ வாயில ஒண்ணு இருக்கும், பத்தவைக்கவே மாட்டார்.

சிகாருக்குள்ளேர்ந்தே முளைக்கிற பொழுதுபோக்கும் இருக்கு, உங்களுக்கு உதவப்போறது இதுதான்னு தோணுது. சிகாரைச் சுத்தி இருக்கிற அந்தப் பேப்பர் வளையத்தைச் சேர்க்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க, ஸ்டாம்பு மாதிரி ஆல்பம் போட்டு வெச்சிருப்பாங்க. காலி மரப்பெட்டில கிட்டார் செய்றவங்க இருக்காங்க, 19-ம் நூற்றாண்டுலேர்ந்து நடக்குது, காசு இல்லாத ஆளுங்க கைல கிடைச்ச பெட்டி, ஒரு குச்சி, கம்பி வெச்சு ஆரம்பிச்சது. இப்பவும் பெரும்பாலும் மூணு கம்பிதான், பாட்டில் கழுத்தை விரல்ல மாட்டிட்டு கம்பி மேல தேய்ச்சு வாசிப்பாங்க, சங்கீதம் தெரியாதவன்கூட ஒரு சாயங்காலத்துல ஏதோ ஒரு ட்யூனைக் கொண்டுவந்துடலாம்.

அப்புறம் ஹியூமிடார். சிகார் வெக்கிற பெட்டி, உள்ள சீடார் மரம் அடிச்சிருக்கும், ஈரப்பதம் 65-லேர்ந்து 70 சதவீதத்துக்குள்ள நிக்கணும். இதுல மனுஷன் விழுந்தா எழ மாட்டான், சிகார் பிடிக்கிறதைவிட பெட்டியைத் திறந்து ஈரப்பதம் காட்டுற மீட்டரைப் பாக்குறதுதான் ஜாஸ்தி ஆயிடும். மீட்டர் சரியா காட்டுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, ஒரு மூடியில சாப்பாட்டு உப்பை எடுத்து சில சொட்டு தண்ணி விட்டு ஈரமாக்கி, கரைஞ்சுடக்கூடாது, மீட்டரோட சேர்த்து ஒரு ஜிப் கவர்ல காத்துப் போகாம மூடி ஒரு நாள் வெச்சா 75 சதவீதம் காட்டணும், காட்டலன்னா எவ்ளோ வித்தியாசமோ அதைக் கழிச்சோ கூட்டியோ வெச்சுக்கலாம். சூடு ஏறினா புகையிலை வண்டோட முட்டை பொரிஞ்சு ரேப்பர்ல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும், சந்தேகம்னா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல சில நாள் வெப்போம். இதையெல்லாம் உங்க மாமனார்கிட்ட கேள்வியா கேட்டுப் பாருங்க, நீங்க வாயே திறக்க வேண்டாம், அவரே ஓட்டுவார்.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணைச் சொல்லாம விட்டா ஓரவஞ்சனை. சிகார் புகையை உள்ள இழுக்கிறதில்ல, வாயோட விட்டுடுறோம், அதனால ஒண்ணும் ஆகாதுன்னு எங்க ஆளுங்க சொல்ற சமாதானத்தை நம்பாதீங்க. பெரிய சிகார் ஒண்ணுல 5-லேர்ந்து 20 கிராம் வரைக்கும் புகையிலை இருக்கு, சிகரெட்ல ஒரு கிராம்கூட இல்ல. உள்ள இழுக்கலன்னாலும் நிக்கோடின் வாய்த்தோல் வழியாவே ஏறும், வாய், குரல்வளை, உணவுக்குழாய் கேன்சர் எல்லாத்துக்கும் அதுல இடம் இருக்கு. மனசை ஆராய்ஞ்ச டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்டு ஒரு நாளைக்கு இருபது சிகார் வரைக்கும் பிடிச்ச ஆள். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோட டாரோக் சீட்டாட்டம், லீவுல பிள்ளைங்களோட காட்டுல காளான் பறிக்கிறது, ரெண்டாயிரத்துக்கு மேல பழங்காலச் சிலை, பொருள்னு சேர்த்தது, எவ்ளோ நல்ல ரசனை பாருங்க. 1923-ல வாயில கேன்சர்னு தெரிஞ்சுது, முப்பதுக்கும் மேல ஆபரேஷன், அப்பவும் சிகாரை விட முடியல, 1939-ல போய்ச் சேர்ந்தார். நான் இப்ப எப்பவாவதுதான் பத்தவைக்கிறேன், எங்க கூட்டத்துல ஒருத்தர் முழுசாவே விட்டுட்டார், ஆனா செஸ் போர்டைத் தூக்கிட்டு முதல் ஆளா வந்து உக்காருறது அவர்தான். அவர் எதிர்ல உக்காந்தா நாங்க யாரும் பத்தவைக்கிறதில்ல.

உங்க விஷயத்துக்கு வரேன். கம்பெனி கொடுக்கணும்னு நீங்க ஒண்ணைப் பத்தவெச்சுடாதீங்க, அதுக்குத் தேவையே இல்ல. அவர் புகைக்கிறப்போ பக்கத்துல உக்காராதீங்க, அடுத்தவங்க விடுற புகைக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, அவர் முடிச்சதுக்கு அப்புறம் போங்க, அந்த நேரத்துலதான் மனுஷன் நல்ல மூடுல இருப்பார். பிறந்தநாளுக்கு சிகார் வாங்கிக் கொடுக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க, வேண்டாம், அவருக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன். அதுக்குப் பதிலா அவர்கிட்ட ஒரு காலிப் பெட்டி கேளுங்க. எதுக்கு மாப்ளன்னு கேப்பார், கிட்டார் செய்யப் போறேன், துளை போட வரலன்னு சொல்லுங்க. டிரில்லை அவரே எடுத்துட்டு வருவார், நீங்க பெட்டியை அசையாம பிடிச்சுக்கிட்டா போதும்.