டிமென்ஷியா என்ற மறதி நோய் ஆராய்ச்சிக்கு ஆட்கள் தாமாகவே ஏன் போகிறார்கள்? பணத்துக்காகவா?

உங்கள் வீட்டில் யாருக்கும் இது வந்ததில்லை போலிருக்கிறது, வந்திருந்தால் பணம் என்ற பேச்சே கேள்வியில் இருந்திருக்காது. எங்களுக்குக் கொடுத்தது போய்வரும் செலவு மட்டும்.

அப்பாவுக்கு ஆல்சைமர், டிமென்ஷியாவில் ஒரு வகை. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86 என்று மளமளவென்று வந்தவர், அப்புறம் நிமிர்ந்து "எவ்வளவு கழிக்கச் சொன்னீங்க?" என்றார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னால் பெரிய முள்ளை 2-ல் வைக்காமல் 10-ல் வைத்தார். அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் எல்லாம் "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள், ஆராய்ச்சி நடந்த இடத்தில் ஒருத்தர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். நாங்கள் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதி நப்பாசை. மனித குலத்துக்காகப் போகிறவர்களும் உண்டு, அவர்கள் என் மேல் பாய வேண்டாம்.

"பெத்த அப்பாவைச் சோதனை எலி ஆக்கிட்டியே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: தெரியாமல் போகவில்லை. செமகாசெஸ்டாட் என்ற மருந்தால் நிலைமை இன்னும் மோசமானதால் 2010-ல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். பிறகு வந்த லெகனெமாபிலும் மூளை வீக்கம், ரத்தக்கசிவு வரலாம், அதற்காகத்தான் அடிக்கடி எம்ஆர்ஐ. அந்த மருந்துக்காக 1,795 பேர் 18 மாதம் கையை நீட்டினார்கள், அதில் பாதிப் பேருக்கு ஏறியது மருந்தே இல்லாத டம்மி. கிடைத்த பலன், நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவே. அப்பா சேர்ந்த ஆய்விலும் அவருக்கு ஏறியது எது என்று எங்களுக்கும் தெரியாது, ஊசி குத்திய நர்ஸுக்கும் தெரியாது.

கூடவே ஒரு துணையாள் கட்டாயம். வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்று அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். வேறு யார், நான்தான், ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு. தம்பி வாரம் ஒரு போன். "நல்லாத்தானேக்கா பேசறார், நீ ஏன் பெரிசு பண்றே?" பத்து நிமிடப் போனில் யார்தான் நன்றாகப் பேசமாட்டார்கள்? சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. சரி, விடுங்கள்.

அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிய ஆரம்பித்துவிடுகிறது. அதனால் என்னைப் போல மறதி இல்லாதவர்களையும் தேடுகிறார்கள். அப்பா இறந்துபோன பிறகு நானும் பெயர் கொடுத்தேன். அந்தப் படிவத்திலும் துணையாள் பெயர் கேட்டிருந்தது. தம்பி பெயரை எழுதியிருக்கிறேன், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.