இடது காலுக்கு வேலை வேண்டுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மச்சான், கிளட்ச் பெடல் இல்லாத வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்றே சொல்லக்கூடாது என்கிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனோ, ஃபெராரியே மேனுவலை, அதாவது கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் முறையை, விட்டு வருஷக்கணக்காகிறது, மாமாவுக்கு விஷயம் தெரியவில்லை என்கிறான். பொங்கலுக்கு வந்தபோது வீட்டில் இதே பேச்சுதான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், மன்னார்குடி

வேகம்தான் கணக்கு என்றால் உங்கள் மகன் சொல்வது சரி. 2017-ல் வந்த, ஜெர்மனியின் போர்ஷே 911 ஜிடி3 காரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஒன்றுதான், கியர்பாக்ஸ் மட்டும் இரண்டு விதம். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. இது கம்பெனியே சொன்ன கணக்கு.

அந்த அரை விநாடி எங்கே போகிறது? நீங்கள் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் நேரத்தில் என்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போவதில்லை, வண்டி வெறுமனே உருள்கிறது. போர்ஷேயின் ஆட்டோமேட்டிக்கில் இரண்டு கிளட்ச் உண்டு. 1, 3, 5 கியர்கள் ஒன்றில், 2, 4, 6 இன்னொன்றில். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கும், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் கோயில் வாசலில் இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒருவர் மூச்சு எடுக்கும்போது அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார், நாதம் அறுபடுவதில்லை.

ஃபெராரி விஷயத்திலும் பையன் சொல்வது உண்மை. 1989-லேயே தங்கள் ஃபார்முலா 1 காரில், ஓடும்போது கிளட்ச் மிதிக்காமலே கியர் மாற்றும் பிடியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள், அந்த வருஷத்தின் முதல் பந்தயத்தையே பிரேசிலில் நைஜல் மேன்சல் அதில் ஜெயித்தார். 1997-ல் எஃப்355 என்ற கார் மூலம் அது ரோட்டுக்கு வந்தது. 2009-ல் 458 இத்தாலியா வந்தபோது மேனுவல் கேட்டாலும் கிடையாது.

ஆனால் உங்கள் மச்சானையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013-ல் போர்ஷே, ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது, ரசிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. 2016-ல் 911 ஆர் என்று, மேனுவல் மட்டுமே உள்ள காரை 991 எண்ணிக்கையில் செய்தார்கள், அதற்குப் பெரிய போட்டி. அடுத்த வருஷம் ஜிடி3-யிலேயே மேனுவல் திரும்பி வந்தது. அரை விநாடி மெதுவு என்று தெரிந்தே கேட்டு வாங்குகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது வேறு ஏதோ. வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது காது என்ஜின் சத்தத்தைக் கேட்க, வலது கால் பிரேக்கில் இருந்தபடியே ஆக்சிலேட்டரை லேசாகத் தட்ட, இடது கால் கிளட்சை விட, எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்துவிட்டால் வண்டி துளியும் குலுங்காது. திருவையாற்றிலிருந்து கல்லணைக்குப் போகும் ஆற்றங்கரை ரோட்டில், ஒரு சாதாரணப் பழைய காரில், நாற்பது கி.மீ. வேகத்திலேயே அந்தச் சுகத்தை அனுபவித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது மேனுவல்தான்.

கேள்வி: அமெரிக்கர்கள் ஆட்டோமேட்டிக், ஐரோப்பியர்கள் மேனுவல் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரிலும் அப்படியா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

இங்கேதான் கதை தலைகீழ். 2000-களின் நடுவில் வந்த ஜெர்மன் வேகக் கார் பிஎம்டபிள்யூ எம்5, ஐரோப்பாவில் தானாகக் கிளட்ச் பிடிக்கும் கியர்பாக்ஸோடு மட்டும் விற்றது. மேனுவல் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். அதற்கடுத்த எம்5-லும் வட அமெரிக்காவுக்கு மட்டும் மேனுவல் கொடுத்தார்கள். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் என்ற அமெரிக்கக் கார் காலத்திலிருந்தே ஆட்டோமேட்டிக்கில் பழகிய நாடு அது. தினமும் கிளட்ச் மிதிக்காதவருக்கு அது ஆசையாகத் தெரிகிறது, ஐரோப்பியருக்கோ அது காய்கறி வாங்கப் போகும் வண்டியிலும் இருக்கிற வேலை. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்த அமெரிக்காவிலேயே 2020 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் பெடல் போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஜப்பானில் நிஸான் ஜிடி-ஆர் 2007-லேயே இரட்டைக் கிளட்சுக்கு மாறியது, ஹோண்டா சிவிக் டைப் ஆரோ மேனுவலை விடாமல் பிடித்திருக்கிறது.

கேள்வி: மகன் சிங்கப்பூர் போகப் போகிறான். ஆட்டோமேட்டிக்கில் பழகினால் போதுமா?
- ஒரு வாசகி, திருவாரூர்

மேனுவலில் பழகச் சொல்லுங்கள் அம்மா. நம் ஊரில் பைக்குக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று லைசென்ஸ் பிரியும், காருக்கு அந்தப் பிரிவு இல்லை. சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் 3ஏ, இரண்டும் ஓட்ட 3 என்று தனித்தனி. ஜப்பானில் 1991-லிருந்து அப்படி. இங்கிலாந்திலும் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் மேனுவலைத் தொட முடியாது. ஜெர்மனியில் 2021 ஏப்ரலிலிருந்து கொஞ்சம் தளர்த்தி, ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டித் தேறினாலும் மேனுவலில் குறைந்தது பத்து வகுப்பு ஓட்டிப் பழகிக் காட்டினால் இரண்டும் ஓட்டலாம் என்றார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் லாரியோ வேனோ கொடுத்தால் கிளட்ச் தெரிந்தவனுக்குத்தான் சாவி.

கேள்வி: இரட்டைக் கிளட்ச் கார் வாங்கினேன். நெரிசலில் சூடாகி எச்சரிக்கை காட்டுகிறது. வண்டியில் கோளாறா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பெரும்பாலும் ஓட்டும் முறைதான். சின்ன கார்களில் வரும் இரட்டைக் கிளட்ச் பல நேரம் எண்ணெயில் ஊறாத உலர் வகை. ஊர்ந்து ஊர்ந்து போனால் அது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்ந்து சூடாகும், டிராக்டரை ஆஃப் கிளட்சிலேயே ஓட்டினால் வாடை வருமே, அதேதான். போன தை மாதம், பாதி ரோட்டில் நெல் காய, எதிரே கதிர் அறுக்கும் மெஷின் வர, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நண்பரின் காரில் இதே எச்சரிக்கையை நானும் பார்த்தேன். அப்புறம் கற்றுக்கொண்டது இதுதான்: முன் வண்டி நகர்ந்ததும் நகராதீர்கள், இரண்டு மூன்று கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே ஓட்டமாகப் போய் பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். பாலம் ஏறும் இடத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், கிளட்சைத் தின்பது அதுதான். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். இவ்வளவும் செய்தும் எச்சரிக்கை வந்தால் வாரண்டி முடியும் முன் சர்வீஸில் எழுதிக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.