சூட்டு உடம்பா, வறண்ட உடம்பா?

அன்புள்ள சார்,

சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி ஒரு செயலியைக் காட்டினாள். நாக்கைப் படமெடுத்துப் போட்டு, அது கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். "யின் குறைவு உடல்வாகு" என்று வந்தது. மிளகாய், பொரித்தது, ஆட்டுக்கறி எதுவும் கூடாதாம். மாதம் ஒரு டப்பா பொடி வாங்கவும் சொல்கிறது. ஊரில் அம்மாவிடம் சொன்னால், "உனக்குப் பிறவியிலேயே சூட்டு உடம்பு, நான் சொன்னபோது கேட்டாயா?" என்கிறார். நம் வைத்தியத்தில் பித்த உடம்பு என்பதும் இதுவும் ஒன்றா? இதை நம்பலாமா, பொடி வாங்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொடி வேண்டாம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் செயலி கேட்ட கேள்விகள் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வாங் ச்சி என்ற பேராசிரியர் வகுத்த முறையிலிருந்து வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். மனிதர்களை உடல்வாகு பார்த்துப் பிரிப்பது சீனத்தில் ஈராயிரம் வருடப் பழக்கம். ஆனால் இப்போது எல்லோரும் சொல்லும் ஒன்பது வகை அவருடையது. சமநிலை ஒன்று, சாய்வு எட்டு. உயிராற்றல் குறைந்தவர், குளிர் தாங்காதவர், உடம்பு வறண்டவர் (உங்கள் "யின் குறைவு" இதுதான், யின் என்றால் உடம்பின் ஈரமும் குளிர்ச்சியும்), சளியும் கொழுப்பும் சேர்ந்தவர், எண்ணெய் வழியும் முகக்காரர், ரத்தம் தேங்குகிறவர், மனதுக்குள் புழுங்குகிறவர், எதற்கெடுத்தாலும் ஒவ்வாமை வருகிறவர் என்று போகும். 2009-ல் சீன மருத்துவச் சங்கம் இதைத் தரமுறையாகவே வெளியிட்டது. 9 மாநிலங்களில் 21,948 பேரிடம் ஆய்வு செய்தபோது சமநிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். (மீதிப் பேருக்கெல்லாம் ஏதோ ஒரு குறை என்று சொல்லும் அட்டவணை கையில் கிடைத்தால் வியாபாரி சும்மா இருப்பாரா?)

இப்போது கணக்கைப் பாருங்கள். யின் குறைவுக்கு எட்டுக் கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு வருடத்தைப் பற்றியவை. உள்ளங்கை, உள்ளங்கால் எரிகிறதா? உடம்போ முகமோ சூடாகத் தெரிகிறதா? தோலும் உதடும் வறள்கிறதா? உதடு மற்றவர்களைவிடச் சிவந்திருக்கிறதா? மலம் இறுகுகிறதா? கன்னம் சிவக்கிறதா? கண் காய்கிறதா? வாய் உலர்ந்து தண்ணீர் கேட்கிறதா? "இல்லவே இல்லை" என்றால் 1, "எப்போதும்" என்றால் 5. மொத்தத்தில் எட்டைக் கழித்து, 32-ஆல் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 40 தொட்டால் நீங்கள் அந்த வகை. 30-லிருந்து 39 வரை அந்தப் பக்கம் சாய்வு உண்டு என்பார்கள்.

சரி, ஐந்து கேள்விக்குச் "சில சமயம்" (3) என்றும் மூன்றுக்கு "எப்போதாவது" (2) என்றும் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். கூட்டினால் 21. கணக்குப் போட்டால் 40.6. முடிந்தது, நீங்கள் யின் குறைவு! ஒரு கேள்விக்குக்கூட "அடிக்கடி" என்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க மறந்து, இரவு ஒரு மணிக்குப் படுக்கிறவர் யாராக இருந்தாலும் இந்த எண்ணைத் தொட்டுவிடுவார். அப்படியானால் அட்டவணை பொய்யா என்றால், இல்லை. உங்கள் உடம்பு காய்ந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லியிருக்கிறது. ஏன் காய்ந்தது என்று அதற்குத் தெரியாது. "யின் குறைவு" என்ற பெயரைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நாக்குப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அதிக நேரம் நீட்டச் சொல்லக்கூடாது, நீட்டிக்கொண்டே இருந்தால் நிறம் மாறும், காபி குடித்தபின் பார்க்கக்கூடாது, மேல்படிவு கறைபட்டிருக்கும் என்றெல்லாம் சீன வைத்தியப் பாடத்திலேயே உண்டு. குழல் விளக்கின் கீழே கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து ஒரு நல்ல சீன வைத்தியர் வாயைத் திறக்கமாட்டார்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பித்த உடம்பும் இதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டிலும் சூடு. ஆனால் சீன மருத்துவத்தில் சூடு இரண்டு விதம். அடுப்பில் தீ கூடினாலும் பானை கொதிக்கும், பானையில் தண்ணீர் வற்றினாலும் கொதிக்கும். யின் குறைவு என்பது தண்ணீர் வற்றிய கதை. தீ கூடியதற்குப் பக்கத்தில் வருவது "ஈரச்சூடு" என்ற வேறு வகை. முகத்தில் எண்ணெய், பரு, வாய்க்கசப்பு எல்லாம் அங்கே. ஹாங்காங் தெருக்கடைகளில் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்களே, வாயில் வைக்க முடியாத கசப்புக் கஷாயம், அது தீயை அணைக்கிற சரக்கு. வறண்ட உடம்புக்காரர் அதையே தினமும் குடிப்பது அவர்கள் கணக்குப்படியே தவறு. சிங்கப்பூரில் எல்லாவற்றையும் "ஹீட்டி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். உங்கள் தோழியிடம் எந்த ஹீட்டி என்று கேளுங்கள்.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியமானது. பித்த உடம்பு என்று நம் வைத்தியர்கள் சொல்லும்போது பெரும்பாலும் கருவிலேயே அமைந்ததைச் சொல்கிறார்கள். வாங் ச்சி பிறப்போடு வாழ்முறையையும் சேர்த்துக்கொள்கிறார். உடல்வாகைத் திருத்த முடியும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அவருடைய சோதனையை எழுதிவிட்டு "என் உடம்பே இப்படித்தான்" என்று உட்கார்ந்துகொள்வது அவருக்கே பிடிக்காது.

அப்புறம், யின் குறைவுக்கு அவர்கள் சொல்லும் பத்தியம் பயப்படும்படி ஒன்றும் இல்லை. நேரத்தோடு தூங்கு, காரமும் பொரித்ததும் குறை, பேரிக்காயும் வெள்ளைக் காளானும் சாப்பிடு. ஹாக்கர் சென்டர் உணவுக்கடைகளில் செங் தெங் என்ற இனிப்புப் பானம் கிடைக்குமே, அதில் வெள்ளைக் காளான் போடுவார்கள். சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லிச் சாப்பிடுங்கள். தீபாவளிக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

பொடி வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். சூடு தணிக்கவென்று சீனாவில் பலரும் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவந்த லொங்தான் மாத்திரையில் குவான் மூதொங் என்ற கொடி சேர்ந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2003-ல்தான் சீன அரசு அந்தக் கொடியை மருந்திலிருந்து நீக்கியது. அதற்குப் பத்து வருடம் முன்பே, பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு இதே அமிலத்தால் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு வேருக்குப் பதில் பெயரில் ஒத்த வேறொரு வேர் கலந்துவிட்டது. கடையில் இருந்தவர்களுக்கே தெரியாமல் நடந்தது இது. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று செயலி எப்படிச் சொல்லும்?

முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாய் வறட்சி, தாகம் என்றால் சர்க்கரை பார்க்க வேண்டும், உடம்பு எரிச்சல், படபடப்பு என்றால் தைராய்டு. கண்ணும் வாயும் சேர்ந்தே மாதக்கணக்கில் காய்ந்தால் அதற்கென்று தனி நோய்கள் உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் சீன வைத்தியம் பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் பாருங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன வைத்தியர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு உள்ளவரா என்று பார்த்துப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சீட்டில் பெயர் எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள். பெண்களுக்கு அவர்கள் சர்வசாதாரணமாக எழுதும் தாங் குவெய் வேர்கூட, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது.